லானூன் நாள் கெடும் இடங்கள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் பாலர் குழுவுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில், கடற்கொள்ளையர் நாள் வைக்கிறோம். பிள்ளைகள் வாயில் அது லானூன் நாள், லானூன் என்றால் மலாயில் கடற்கொள்ளையர். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை முப்பது முப்பத்தைந்து பேர், பெரியவர்கள் ஆறு பேர், ஒரு மண்டபம், பின்னால் ஒரு திடல், திடலைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது கெடும். அதே ஒன்றுதான் மறு ஆண்டும் கெடும். அதனால் எது கெட்டால் எங்கே பார்ப்பது என்று எழுதி வைத்துவிட்டேன்.

எதற்கும் காரணத்தை மலிவான பக்கத்திலிருந்து தேடுங்கள். முதலில் நேரமும் வரிசையும், அப்புறம் இடம், அப்புறம் பொருள், கடைசியில்தான் காசு. நான் பார்த்தவரை பாதிக்கு மேல், ஒரு பிள்ளை கையில் ஒன்றும் இல்லாமல் சும்மா நின்ற இடத்தில்தான் கெட்டிருக்கிறது.

புதையல் பத்தே நிமிடத்தில் கிடைத்துவிட்டது

முதலில் எத்தனை வரைபடம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒரே வரைபடம் என்றால் வேகமாக ஓடும் நான்கு பையன்கள் விளையாடுவார்கள், மற்றவர்கள் பின்னால் ஓடிக் களைப்பார்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள், பெரியதும் சிறியதும் கலந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு கப்பல். நிறுத்தங்கள் எல்லாருக்கும் ஒன்றே, வரிசையை மட்டும் மாற்றிக் கொடுங்கள், ஒருவர் பின்னால் ஒருவர் ஓட முடியாது. சரியாகிவிட்டதா என்று தெரிய, தொடங்கி மூன்றாவது நிமிடம் திடல் நடுவில் நின்று, கையில் ஏதும் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் என்றால் இன்னும் ஒரு கப்பல் கூட்ட வேண்டும்.

அப்படியும் ஒரு குழு முன்னால் முடித்துவிட்டு மற்றவர்களைக் கேலி செய்கிறதா? பெட்டிக்கு மூன்று எண் பூட்டு போடுங்கள், இரும்புக் கடையில் சில ரிங்கிட்தான். எண்களைக் கப்பல்களுக்குள் பிரித்துவிடுங்கள், ஒரு கப்பலுக்கு ஓர் எண்தான். போன ஆண்டு ஆறாம் ஆண்டுப் பையன்கள் தங்கள் 7-ஐக் கண்டுபிடித்துவிட்டுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், பூட்டு திறக்கவில்லை. ஒருவன் 7-ஐ மூன்று முறை வைத்துக்கூடப் பார்த்தான். அப்புறம் தானாகவே போய்ச் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து பூந்தொட்டிகளைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு பூட்டு அன்றைக்குச் செய்த வேலையை எந்தப் பரிசும் செய்திருக்காது.

யாருமே கண்டுபிடிக்கவில்லை, எல்லாரும் விழிக்கிறார்கள்

குறிப்பை வாசிக்க முடிகிறதா? நம் பிள்ளைகளில் ஒரு பகுதி மலாய் வழித் தேசியப் பள்ளியில் படிக்கிறார்கள், தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தடுமாறுவார்கள். அவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், ஒதுங்கி நிற்பார்கள். ஒவ்வொரு கப்பலிலும் நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளை இருக்கட்டும், குறிப்பில் ஒரு படமும் ஒரு விடுகதையும் இருக்கட்டும். 'அடிக்காமல் திட்டாமல் கண்ணீர் வரவழைப்பாள், அவள் யார்?' என்று எழுதி ஓரத்தில் ஒரு கண்ணும் ஒரு சொட்டு நீரும் வரைந்தால் போதும், சமையலறை வெங்காயக் கூடைக்கு எல்லாரும் ஓடுவார்கள். முதல் நாள் இரவு ஏழு வயதுப் பிள்ளை ஒன்றிடம் எல்லாக் குறிப்பையும் கொடுத்துப் பாருங்கள். அது நின்ற இடத்தில்தான் மறுநாள் எல்லாரும் நிற்பார்கள்.

வாசித்துவிட்டார்கள், ஆனால் எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள் என்றால் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். திசைகாட்டி அம்பு வரைந்து பார்த்தேன், வடக்கு தெற்கு சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எட்டவில்லை. இப்போது தாளின் மேல் விளிம்பில் ஜெராய் மலையை வரைந்துவிடுகிறேன். 'ஜெராயைப் பார்த்து நில்லு, அப்புறம் தாளைப் பாரு.' அவ்வளவுதான். 1,217 மீட்டர் மலை, எங்கள் திடலில் எங்கே நின்றாலும் தெரியும். பழைய காலத்தில் கடலில் வந்தவர்களும் இந்த மலையை அடையாளம் வைத்துத்தான் கரை பிடித்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உங்கள் ஊரில் மலை இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம், செம்பனை ஆலைப் புகைபோக்கி, எது உயரமோ அது.

வரைபடம் கையோடு கிழிகிறது, அல்லது எறும்பு மொய்க்கிறது

பழைய தாள் போலத் தெரியத் தேநீரில் தோய்ப்போம் அல்லவா, கெடுவது அங்கேதான். தாளை முக்கி எடுத்தால் கிழியும். பஞ்சால் அல்லது பழைய துணியால் ஒற்றுங்கள், போதும். இன்னும் கிழிந்தால் தாள் மெல்லியது, போட்டோகாப்பித் தாளை விட்டுவிட்டு ஓவியத் தாள் வாங்குங்கள். மார்க்கர் கோடு கலங்குகிறதென்றால் முதலில் மெழுகுக் கிரேயானால் வரைந்து, அப்புறம் தேநீர் ஒற்றுங்கள். மெழுகின் மேல் தண்ணீர் நிற்காது, கோடு அப்படியே பளிச்சென்று இருக்கும்.

எறும்பு வந்தால் தேநீரில் சீனி இருந்திருக்கிறது. கடையில் வாங்கியதென்றால் 'தே ஓ கோசோங்', அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், என்று சொல்லி வாங்கினீர்களா என்று கேளுங்கள். ஒரு முறை இருபது வரைபடத்தை இரவு முழுக்க மேசையில் காய வைத்தோம், காலையில் பார்த்தால் புதையல் தீவு முழுதும் கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த தேநீரை ஊற்றியது தப்பு. இப்போது தனியாக, கட்டியாக, ஐந்து தேயிலைப் பை இரண்டு குவளை வெந்நீரில்.

ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்கவே வேண்டாம். கையால் கிழித்துவிட்டு அந்தக் கிழிசலில் தேநீரை இன்னொரு முறை ஒற்றினால் அதே தோற்றம் வரும்.

ஓட்டத்தில் மோதி விழுகிறார்கள்

கண்பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடினால் தூரம் சரியாகத் தெரியாது, அந்தப் பக்கம் வருகிறவனும் தெரியாது. பட்டை படம் எடுக்கவும் சாப்பாட்டுக்கும்தான், ஓட்டத்துக்கு நெற்றியில் ஏற்றிவிட வேண்டும். இதை ஆட்டம் தொடங்கும் முன் ஒரு கட்டளையாகவே வைத்துவிட்டேன். 'பட்டை மேலே!' என்றால் எல்லாரும் ஏற்றுவார்கள்.

பட்டை இல்லாமலும் மோதினால் திடல் சின்னது, அல்லது எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள். இரண்டாகப் பிரியுங்கள், ஒரு பாதி கட்டளை ஆட்டம் ஆடட்டும். நான் 'அணியம்' என்றால் முன்னால், 'அமரம்' என்றால் பின்னால், அப்புறம் இடம், வலம், நங்கூரம் என்றால் அசையாமல் நிற்க வேண்டும். கப்பலின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நம் மொழியில் இருக்கும் சொற்கள் இவை, பிள்ளைகள் இரண்டே சுற்றில் பிடித்துக்கொள்கிறார்கள். அதை விட்டுவிட்டு இங்கிலீஷ் சொல் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எலாஸ்டிக் அறுந்து கண்ணில் அடிக்கிறதென்றால் முடிச்சுப் போடாமல் தைத்துவிடுங்கள். ஒருவர் பட்டையை இன்னொருவர் போடக் கூடாது, உள்பக்கம் பெயர் எழுதிவிடுங்கள். கண்வலி ஒரு பிள்ளைக்கு இருந்தால் வாரத்துக்குள் முழுக் குழுவுக்கும் வந்துவிடும். கண் சிவந்து பீளையோடு ஒரு பிள்ளை வந்தால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பி கிளினிக் போகச் சொல்லிவிடுவேன், பெற்றோர் வருத்தப்பட்டாலும் சரி. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனை.

வாள் சண்டை நிஜச் சண்டையாகிவிட்டது

நேரத்தைப் பாருங்கள். வாள் செய்து முடித்தவன் மற்றவர் முடிக்கும் வரை என்ன செய்வான்? அதனால் வாள் வேலையைக் கடைசியில் வையுங்கள், முடித்த கையோடு வீட்டுக்கு. அல்லது வாளே வேண்டாம், சமையலறைத் தாள் சுருளின் அட்டைக் குழாயில் தொலைநோக்கி செய்யச் சொல்லுங்கள், அதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் அடிப்பதில்லை, எதிரே என்ன தெரிகிறது என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஒட்டும் வேலையில் சூடான பசைத் துப்பாக்கி பெரியவர் கையில் மட்டும். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம், பற்பசை தடவக் கூடாது. கொப்புளம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதானால், அல்லது முகத்தில் என்றால், மருத்துவர்.

அட்டைக் கப்பல் சாய்கிறது

முதலில் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். சாய்வது நின்றுவிட்டதா? பாய் காற்று வாங்கியிருக்கிறது, நிஜக் கப்பல் மாதிரியே. கப்பலைத் திருப்பி வையுங்கள், அல்லது பாயில் நான்கு இடத்தில் பிறை வடிவில் வெட்டிவிடுங்கள், காற்று போய்விடும். விசிறி இல்லாமலும் சாய்ந்தால் கொடிமரத்தின் அடி லேசாக இருக்கிறது. விளக்குமாற்றுக் கம்பைப் பெரிய மைலோ டின்னில் நிறுத்தி மணல் கொட்டுங்கள், கப்பல் அடியில் 1.5 லிட்டர் தண்ணீர்ப் புட்டி நான்கு. அட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், சீனப் பெருநாள் முடிந்ததும் ஆரஞ்சுப் பெட்டிகள் கேட்ட கடையில் எல்லாம் கிடைக்கும், அப்போதே வாங்கி மடித்து வைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் மேலே ஏறி நிற்க வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் அது அட்டை வேலை இல்லை. அங்கே தச்சரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் தரையிலேயே வையுங்கள்.

ஆகார்-ஆகார் கடல் உறையவில்லை

கொதித்ததா, வெறுமனே சூடானதா? இதுதான் பத்தில் ஒன்பது முறை. ஆகார் தூளைப் பச்சைத் தண்ணீரில் கலக்கி, கிண்டிக்கொண்டே நன்றாகக் கொதிக்க விட்டு, அப்புறமும் இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். ஒரு கரண்டியில் எடுத்துப் பார்த்தால் துகள் தெரியக் கூடாது. கொதித்தும் உறையவில்லையென்றால் தண்ணீர் கூடிவிட்டது, 10 கிராம் தூளுக்கு சுமார் 1 லிட்டர்தான். அதுவும் சரியென்றால் எலுமிச்சையோ அன்னாசியோ சேர்த்துக் கொதிக்க வைத்தீர்களா? புளிப்போடு கொதித்தால் ஆகார் பிடிப்பு விட்டுப்போகும். புளிப்பை இறக்கிய பின் சேர்க்க வேண்டும். உறையாததை வீச வேண்டாம், இன்னும் கொஞ்சம் தூளைத் தனியாகக் கொதிக்க வைத்து அதில் ஊற்றி மறுபடி சூடாக்கினால் பிடித்துவிடும்.

நீலக் கடல் ஊதாவாகிவிட்டது

வேலியோரச் சங்குப்பூவைப் பச்சைக் காம்பு நீக்கி வெந்நீரில் ஊற வைத்தால் அழகான நீலம் கிடைக்கும், பொடிச் சாயம் வேண்டியதில்லை. அதில் ஒரு சொட்டு எலுமிச்சை விழுந்தாலும் ஊதா. கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம். நீலமே வேண்டுமென்றால் பாத்திரம், கரண்டி, கைகூட எலுமிச்சை படாமல் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு முறை தெரியாமல் நடந்தது, இப்போது தெரிந்தே செய்கிறோம். நீலக் கடலின் மேல் பிள்ளைகள் தாங்களே எலுமிச்சைச் சாறு சொட்டுவார்கள், 'புயல் வருது, புயல் வருது' என்று கத்துவார்கள். வரிசையில் காத்திருந்து சொட்டும் அந்தச் சின்ன விரல்களைப் பார்ப்பதற்காகவே இதை ஒவ்வோர் ஆண்டும் வைக்கிறேன்.

ஜெல்லிப் பாக்கெட் வாங்கலாமே என்பவர்களுக்கு ஒன்று. அதில் இருப்பது ஜெலட்டின் என்றால் மண்டபச் சூட்டிலேயே இளகிவிடும். ஹலால் முத்திரை இருந்தாலும் அது மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் சாப்பிட மாட்டார்கள். ஆகார் கடற்பாசி, மலாய்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் ஒரே தட்டில் சாப்பிடலாம். உறைந்தபின் 80 பாகைக்கு மேல் சூடு பட்டால்தான் உருகும், வெயிலுக்குக் கவலையில்லை. ஒரே வாயில் உறிஞ்சும் சின்னக் குவளைக் கொன்ஜாக் ஜெல்லி மட்டும் வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைத் தடை செய்திருக்கிறார்கள். பீரங்கிக் குண்டு என்று திராட்சை வைப்பவர்கள் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

தங்கக் காசு உருகுகிறது

சாக்லேட் 34 பாகையிலேயே இளகிவிடும், தகரக் கூரைக்குக் கீழ் மதியம் அதற்கு மேல் போகும். ஐஸ் பெட்டியில் வைத்துக் கடைசி நிமிடத்தில் எடுப்பது ஒரு வழி. நான் சாக்லேட்டையே விட்டுவிட்டேன். தட்டை! மஞ்சள் கொஞ்சம் கூட்டி, காரம் குறைத்து, காசு அளவுக்குச் சின்னதாகத் தட்டினால் தங்கக் காசு போலவே இருக்கும், பெட்டியில் கொட்டும்போது சலசலவென்று சத்தம்கூட வரும். நமத்துப்போனால் டின் மூடி சரியில்லை, குறைந்த சூட்டில் அடுப்பில் சில நிமிடம் வைத்தால் மீண்டும் மொறுமொறுப்பாகும். சுடுகிற அத்தையிடம் நிலக்கடலை சேர்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏனென்றால் கடலை ஒவ்வாத பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். பெயர் எழுதும் தாளிலேயே ஒவ்வாமை என்று ஒரு கட்டம் வையுங்கள், அம்மாவிடம் வாயாலும் கேளுங்கள். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், பிள்ளை திடீரென்று துவண்டால், உடனே அவசர எண் 999. வீட்டில் கொடுத்தனுப்பிய ஊசி இருந்தால் முதலில் அது.

சின்னது பயந்து அழுகிறது

மண்டை ஓட்டை இறக்கிவிடுங்கள். கொடிக்கு மீனோ நண்டோ போதும், அவரவர் கப்பலுக்கு அவரவர் வரைந்தது இன்னும் நல்லது. அழுகை நிற்கவில்லையென்றால் மீசை வைத்த அண்ணன் மீசையை எடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காரட்டும். பெரும்பாலும் அத்தோடு சரி.

'அக்கா, இப்பவும் லானூன் இருக்காங்களா?' என்று கேட்பார்கள். இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். கடலில் இருக்கிறார்கள், கப்பல்கள் தகவல் சொல்ல 1992 முதல் கோலாலம்பூரிலேயே ஒரு மையம் இரவு பகலாக இயங்குகிறது, நம் ஊருக்கு அவர்கள் வர மாட்டார்கள். இப்படிச் சொன்னால் அமைதியாகிவிடுகிறார்கள். லானூன் என்ற சொல் தெற்குப் பிலிப்பைன்ஸின் இரானுன் மக்கள் பெயரிலிருந்து வந்தது என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அப்படியே அந்த மக்கள் எல்லாரும் கொள்ளையர் இல்லை என்பதையும்.

பெண் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கிறார்கள்

மீகாமன் யார் என்று பாருங்கள். எல்லாக் கப்பலுக்கும் பையன்தானே? மாற்றுங்கள். கணவன் 1807-இல் இறந்தபின் சீனக் கடலில் நூற்றுக்கணக்கான கப்பல்களை நடத்தி, 1810-இல் தன் நிபந்தனையோடு சரணடைந்த செங் ஷி கதையைச் சொல்லிவிட்டு 'இந்தக் கப்பலுக்கு யார்?' என்று கேட்டேன். ஏழு கை உயர்ந்தது.

பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள்: 'கொள்ளையடிக்கவா சொல்லித் தர்றீங்க?'

நியாயமான கேள்வி, எனக்கும் இருந்தது. கதையைத் திருப்பிவிடுங்கள். பிள்ளைகள் மாலுமிகள், கொள்ளை போன பொருளைத் தேடி உரியவரிடம் சேர்க்கிறார்கள். எங்கள் பெட்டியில் காசோடு ஒரு கடிதமும் இருக்கும், இது மண்டபத்தைக் கூட்டும் பாட்டியுடையது என்று. கொண்டுபோய்க் கொடுப்பார்கள், பாட்டி திறந்து எல்லாருக்கும் பங்கு வைப்பார். கூடவே, 1025-இல் ராஜேந்திர சோழன் படை வந்த கடாரம் நம் கெடாதான், பக்கத்து மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு நாள் கூட்டிப் போவோம் என்றால் சுளித்த முகங்களே வேன் ஏற்பாடு செய்து தருகின்றன.

திடலில் இறங்க முடியவில்லை

இடி கேட்டதா, உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே விட வேண்டாம். மழைக்கென்று உள்ளே ஆடும் ஆட்டம் ஒன்று தயாராக இருக்கட்டும். பழைய நாளிதழை விரித்தால் தீவு, ஒவ்வொரு சுற்றிலும் பாதியாக மடிப்பது, கப்பல் ஆட்கள் எல்லாரும் கால் வைத்து நிற்க வேண்டும். செலவே இல்லை.

குறிப்பு ஒளித்த இடங்களைக் காலையில் ஒரு பெரியவர் குச்சியோடு சுற்றிப் பார்க்க வேண்டும். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக் குவியல், கால்வாய், புதர் மூன்றிலும் எதையும் வைக்காதீர்கள், மட்டை முள் ஒரு பக்கம், பாம்பு ஒரு பக்கம். மரக்கிளையில் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்தும் பாருங்கள். பாம்போ குளவிக் கூடோ தெரிந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், பிள்ளைகளை உள்ளே அழைத்துவிட்டு 999, தீயணைப்புத் துறை வருவார்கள். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், பிள்ளையை அசையாமல் வைத்து மருத்துவமனை.

மண்டபத்தில் கரண்ட் போகிறது

எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள், மின்பெட்டியில் விழுந்த சுவிட்சை ஒரு முறை தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள், எதைச் செருகும்போது விழுகிறதோ அது கெட்டது. ஒன்றும் தனியாக விழவில்லை, சேர்ந்தால்தான் விழுகிறது என்றால் சுமை. 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது சுமார் 3,000 வாட், தண்ணீர்க் கெட்டில் ஒன்றே 2,000 வாட் இழுக்கும், அதே நீட்டிப்பு வயரில் பசைத் துப்பாக்கி இரண்டும் ஒலிபெருக்கியும் வேண்டாம். எல்லாம் பிடுங்கியும் சுவிட்ச் விழுந்தால், அல்லது கருகல் வாடை வந்தால், மறுபடி தூக்காதீர்கள். உரிமம் உள்ள வயர்மேன்தான், அன்றைக்கு விசிறி இல்லாமல் மரத்தடியில் ஆடுங்கள்.

முடிந்தும் ஒரு பிள்ளை நிற்கிறது

கூட்டிப் போக யாரும் வரவில்லை. பெயர்ப் பட்டியலில் எழுதிய எண்ணுக்கு அழையுங்கள், எடுக்காவிட்டால் இரண்டாவது எண், அதற்காகத்தான் இரண்டு எண் வாங்குகிறோம். வேறு யாரோ வந்து 'நான்தான் மாமா' என்றால் அம்மாவிடம் போனில் கேட்காமல் அனுப்ப வேண்டாம், தெரிந்த முகமாக இருந்தாலும். பெரியவர்கள் இரண்டு பேர் இருங்கள். அந்தப் பிள்ளையிடம் கொடிமரத்து மணலைக் கொட்டி டின்னைக் கழுவச் சொல்லுங்கள், கையில் வேலை இருந்தால் அழாது.